பிணை நின்றவர்

தூரத்தில் ஷெல்லைக் குத்தி ஏவும் சத்தம் கேட்கிறது. டுப். டுப். டுப். இனி விழவேண்டும். நான் எண்ணுகிறேன். தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு எண்ணுகிறேன். மடியில் மகள். அவள் வாயில் பால் போத்தல். ஜன்னலுக்கு வெளியே பனி. பெப்ரவரி மாதம், ஒரு வியாழக்கிழமை. மொன்றியலில் காலை ஏழு மணி தாண்டிவிட்டது. அங்கே பின்னேரம்.

"படு! பிள்ளை, படு!"

மச்சாளின் குரல். எனக்கல்ல. பக்கத்தில் நிற்கும் தன் மகளுக்கு. ஆனால் நானும் குனிந்தேன். பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடிக் குசினியில், மகளை மார்போடு சேர்த்துக்கொண்டு மேசைக்குக் கீழே போனேன். போத்தல் உருண்டு அடுப்படிக்குப் போனது.

விழுந்த சத்தம் பிந்தித்தான் வந்தது. சற்றலைட் ஃபோன். அதில் குரலும் பிந்தும். ஷெல்லும் பிந்தும். எனக்குக் கேட்கும்போது அங்கே அது நடந்து முடிந்திருக்கும். நான் எண்ணியதெல்லாம் வீண். பிறகு மண் கொட்டும் சத்தம். யாரோ இருமினார்கள்.

"இருக்கிறம்" என்றார் மச்சாள். லைன் அறுந்தது.

என் கணவர் இரவு வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தார். எங்களை மேசைக்குக் கீழே கண்டார். சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியோடு குசினிக்குள் வந்து போத்தலை எடுத்துக் கழுவினார்.

மாதா கோயிலில் சாட்சியம் சேர்க்கும் பெண்கள் என்னை இதை எழுதச் சொன்னார்கள். பார்த்ததை எழுது என்றார்கள். நான் கடைசியில் பார்க்கவில்லை. கேட்டேன். கேட்டது காணுமா, போதுமா என்று கேட்டேன். காணும் என்றார்கள். காணுமா என்று எனக்கு இன்னும் தெரியாது. எழுதுகிறேன்.

மச்சாளின் பெயர் ஜெசிந்தா. என் அண்ணாவின் மனைவி. நாங்கள் மன்னார்ப் பக்கம். அண்ணா கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு சண்டை துரத்தத் துரத்த வன்னிக்குள் வந்தோம். நான், மச்சாள், மச்சாளின் கைக்குழந்தை டிலானி. என்னைப் படிக்க வைத்தது மச்சாள். ஆடு வளர்த்து, கோழி வளர்த்து, மற்றவர்களின் வயலில் நாற்று நட்டு. எனக்கு ஆங்கிலம் வந்தது. அதனால் எனக்குச் செயலகத்தில் வேலை கிடைத்தது.

செயலகம் என்றால் என்ன என்று இங்கே பிறந்த பிள்ளைகள் கேட்பார்கள். அதனால் சொல்கிறேன். வன்னியில் எங்களுக்கு ஓர் அரசாங்கம், இயக்கத்தின் அரசாங்கம், இருந்தது. உலகம் அதை அரசாங்கம் என்று சொல்லவில்லை. ஆனால் நீதிமன்றம் இருந்தது. பொலிஸ் இருந்தது. வங்கி இருந்தது. எல்லையில் சோதனைச் சாவடி இருந்தது. சண்டையை நடத்தியவர் வேறு. ஆட்சியை நடத்தியவர் எங்கள் செயலகத்தில் இருந்தார். அவரைப் பிரதமர் என்று யாரும் சொன்னதில்லை. பொறுப்பாளர் என்போம். ஒரு பிரதமர் செய்வதையெல்லாம் அவர் செய்தார். பாடசாலைக் கூரை முதல் வெளிநாட்டுத் தூதர் வரை எல்லாம் அந்த மேசைக்கு வரும்.

சமாதான காலத்தில் தூதர்கள் வந்தார்கள். சாவடிக்கு முன்பே வாகனத்தின் கொடியைக் கழற்றிவிடுவார்கள். எங்கள் கொடி படத்தில் விழாதபடி நகர்ந்து நிற்பார்கள். கை கொடுப்பார்கள். தேநீர் குடிப்பார்கள். பொறுப்பாளரை 'மிஸ்டர்' என்று மட்டும் கூப்பிடுவார்கள். அதை நான் தமிழில் சொல்லும்போது 'மதிப்புக்குரிய பொறுப்பாளர் அவர்களே' என்பேன். யாரும் சொல்லித் தரவில்லை. நானாகச் சேர்த்தேன். பாதி அங்கீகாரம் அவர்கள் தந்தார்கள். மற்றப் பாதியை நான் மொழிபெயர்ப்பில் போட்டேன்.

அது பெருமையாக இருந்தது. மறைக்கமாட்டேன்.

வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்க ஒருவர் பிணை நிற்கவேண்டும். போனவர் திரும்பி வரும்வரை பிணை நின்றவர் வெளியே போகமுடியாது. இதுதான் விதி. பழைய படிவத்தில் இது கொச்சையாக எழுதியிருந்தது. வெளிநாட்டுக்காரர் கேட்டால் காட்டக்கூடியதாக, ஒரு சட்டம்போல எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதினேன். 'பயணித்தவர் மீண்டு நேரில் சமூகமளிக்கும்வரை பிணையாளியின் பயண உரிமை இடைநிறுத்தப்படும்.' பிழையில்லாத வசனம். பக்கத்து மேசையில் இருந்து தட்டச்சுச் செய்த குணம் அண்ணை, "பிள்ளை, இதை வாசிச்சா எனக்கே பயமாக் கிடக்கு" என்று சிரித்தார்.

இரண்டாயிரத்து ஐந்தில் எனக்கு மொன்றியலில் கலியாணம் பேசினார்கள். கொழும்பில் விசா நேர்முகம். ஒரு மாதப் பாஸ் எடுத்தேன். திரும்பி வருவேன் என்று கையொப்பம் வைத்தேன். வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். மச்சாளுக்கும் தெரியும். மச்சாள்தான் பிணை நின்றார்.

"எனக்கு எங்கயடி போகக் கிடக்கு?" என்றார். "என்ர ஆடுகளே பாஸ் கேக்கிறதில்லை. நீ போ."

பாஸில் பொறுப்பாளர் கையொப்பம் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்கவில்லை. சமாதானம் இருந்தது. பாதை திறந்திருந்தது. ஒரு வருடத்தில் எல்லாம் மாறும், மச்சாளையும் டிலானியையும் மொன்றியலுக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வருடம் பாதை மூடப்பட்டது.

இரண்டாயிரத்து ஒன்பது. மாசி முடிகிறது. கிளிநொச்சி போய்விட்டது. விசுவமடு போய்விட்டது. சனம் கடற்கரைப் பக்கமாக ஒதுங்குகிறது. செயலகமும் ஒதுங்குகிறது. முதலில் கட்டடம். பிறகு பள்ளிக்கூடம். பிறகு தென்னைகளுக்கு நடுவே ஒரு தறப்பாள் கூடாரமும் பதுங்க ஒரு பங்கரும். கோப்புகளை உழவு மெஷினில் ஏற்றிக் கொண்டுபோனார்கள் என்று குணம் அண்ணை சொன்னார். தட்டச்சு மெஷினும் போனது. சீலும் போனது. சனத்துக்குக் கஞ்சி இல்லை. பாஸ் படிவம் இருந்தது.

குணம் அண்ணை பழைய பழக்கத்துக்காக மச்சாளைச் செயலகத்து ஃபோனில் கதைக்க விடுவார். கிழமையில் ஒரு தரம். சில கிழமை இல்லை. நான் ஒவ்வொரு காலையும் எழும்பி, மகளைக் கார்டெரி என்னும் பிள்ளைக் காப்பகத்துக்கு வெளிக்கிடுத்தி, சப்பாத்து, கையுறை, தொப்பி எல்லாம் போட்டுவிட்டு, ஃபோன் வருமோ என்று கதவடியில் நிற்பேன். அவள் வியர்த்து அழுவாள். பிந்திப்போவேன். கார்டெரிப் பெண் பிரெஞ்சில் ஏதோ சொல்வாள். மன்னிப்புக் கேட்டு 'பார்தோன்' என்பேன். என் ஊரில் ஷெல் விழுகிறது என்று அந்த மொழியில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா?

சண்டையை நிறுத்தச் சொல்லி நகரத்துக்குள் பதாகை பிடித்து நின்றோம். மகளை வண்டிலில் போட்டுக் கம்பளியால் மூடி நானும் நின்றேன். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அக்கா என்னை உற்றுப் பார்த்தார்.

"நீர் செயலகத்தில வேலை செய்தனீர் எல்லோ?"

"ஓம் அக்கா."

"அப்ப ஏன் இஞ்ச நிண்டு கத்துறீர்? உம்மட ஆக்களிட்டச் சொல்லும், சனத்துக்குப் பாஸ் குடுக்கச் சொல்லி. ஒரு சீல் குத்தினாக் காணும்."

மறுபக்கம் நின்ற ஐயா விட்டுக்கொடுக்கவில்லை. "சனம் எல்லாம் வந்திட்டா பேந்து அங்க ஆர் பிள்ளை நிக்கிறது? கடலோ?"

"நீங்கள் போய் நில்லுங்கோவன் ஐயா. பிளேன் ரிக்கற் நான் போடுறன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அந்த அக்கா சொன்னது எனக்குள் கிடந்தது. ஒரு சீல். அது எனக்குத் தெரிந்த வேலை. பதாகை எனக்குத் தெரியாத வேலை. அந்தச் செயலகத்தில் எதை யாரிடம் எப்படிக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் ஏன் கேட்கவில்லை?

பங்குனி. ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு வெளிக்கிடும் நேரம். ஃபோன் வந்தது. மச்சாள் மெதுவாகக் கதைத்தார். குணம் அண்ணைக்குக் கேட்கக்கூடாது என்று.

"ரெஜி, பக்கத்துத் தறப்பாள் வாத்தியார் குடும்பம் இண்டைக்கு இரவு தண்ணிக்குள்ளால போகினம். எங்களையும் வாங்கோ எண்டினம். நான் என்ன செய்ய?"

களப்பு, கடலோரத்து உப்பு ஏரி. அந்தப் பக்கம் ஆமி. கழுத்தளவு தண்ணீர். இந்தப் பக்கம் எங்கள் காவல். பாஸ் இல்லாமல் இறங்கினால் சுடுவார்கள். பிடிபட்டால் டிலானியைச் சண்டைக்குக் கொண்டுபோவார்கள். அவளுக்குப் பதின்மூன்று வயது. உயரமான பிள்ளை. மச்சாள் அவளுக்குத் தலைமயிரை ஒட்ட வெட்டி, பெரிய சட்டை போட்டு, பகலில் பங்கருக்குள் மறைத்து வைத்திருந்தார்.

"நான் பிணை நிண்டவள் எண்டு அவையளுக்குத் தெரியும். என்ர பேர் அங்க கிடக்கு. பிடிபட்டா விடமாட்டினம். நீதான் படிச்சனி. அவையளோட இருந்தனி. நீ சொல்லு. போகவோ, நிக்கவோ?"

தண்ணீரை நினைத்தேன். இருட்டை நினைத்தேன். டிலானியின் கையைப் பிடித்து இழுக்கும் ஒருவரை நினைத்தேன்.

"மச்சாள், பொறுங்கோ. பொறுப்பாளர் அங்க நிக்கிறாரோ?"

"நிக்கிறார்."

"குணம் அண்ணையிட்டக் குடுங்கோ."

பொறுப்பாளரோடு கதைக்கவேண்டும் என்று குணம் அண்ணையிடம் சொன்னேன். அவர் பொறுப்பாளரிடம் கொடுத்தார். நான் குசினியில் எழும்பி நின்றேன். நாலு வருடத்துக்குப் பிறகும் அந்தக் குரலுக்கு எழும்பினேன்.

"தங்கச்சி, அங்க நல்ல குளிரோ?"

"ஓம் அண்ணை."

"பிள்ளை பிறந்ததெண்டு கேள்விப்பட்டன். சந்தோசம். சொல்லுங்கோ."

சொன்னேன். அழவில்லை. கெஞ்சவில்லை. செயலகத்து மொழியில் சொன்னேன். பிணை விடுவிப்பு. விசேட அனுமதி. கருணை அடிப்படை. அந்தச் சொற்கள் எனக்கு உடனே வந்தன.

தூரத்தில் குத்தும் சத்தம். வானத்தில் வண்டு சுற்றும் இரைச்சல். ஆளில்லாத விமானத்தை அங்கே வண்டு என்பார்கள்.

"நேரில வரவேணும் எண்டு நீங்கள்தானே எழுதினீங்கள்" என்றார்.

"ஓம் அண்ணை. மாற்றுப் பிணை வைக்கலாம் எண்டும் ஒரு வழக்கம் இருந்தது. மச்சாளுக்குப் பதிலா நான் நிக்கிறன்."

"மொன்றியலில இருந்தோ?"

பக்கத்தில் குணம் அண்ணை சிரித்தது கேட்டது. பொறுப்பாளரும் சிரித்தார் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில், அந்த நேரத்தில் மூன்று பேரும் சிரித்தோம்.

"சரி. குணம் எழுதட்டும். நான் கையெழுத்து வைக்கிறன். நாளைக்குக் காலமை வந்து எடுக்கச் சொல்லுங்கோ."

நாளைக்குக் காலை. அதுதான் முறை. அன்று கேட்டால் அடுத்த நாள் காலை கொடுப்பார்கள். கட்டடம் இருந்த காலத்திலும் அப்படித்தான். இப்போதே தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்கலாம் என்ற எண்ணமே வரவில்லை. ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை.

மச்சாளிடம் ஃபோன் திரும்பி வந்தது. வெற்றி பெற்றவள்போல் கத்தினேன்.

"நில்லுங்கோ மச்சாள். தண்ணிக்குள்ள இறங்காதேங்கோ. பாஸ் வருது. காலமை எடுத்துக்கொண்டு நேர் வழியால போங்கோ."

"அப்ப வாத்தியார் ஆக்கள்?"

"அவையள் போகட்டும். உங்களுக்குப் பொறுப்பாளர் சொல்லியிருக்கிறார்."

"நீ சொன்னாச் சரி" என்றார் மச்சாள்.

பூசைக்குப் போனேன். நன்றி சொன்னேன். பின்னேரம் புட்டு அவித்தேன். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன். எல்லாவற்றிலும் இதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஃபோன் வரவில்லை.

சித்திரை. வரவில்லை. அந்த இலக்கத்துக்கு அடித்தால் ஒரு ஆங்கிலப் பெண் இணைப்பு இல்லை என்பாள். வைகாசி. சண்டை முடிந்தது என்றார்கள். கடை வாசலில் ஆண்கள் நின்று அழுதார்கள். நான் இணையத்தில் பிணங்களின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மச்சாளின் நீலச் சட்டையைத் தேடினேன். மகள் பக்கத்தில் நின்று திரையைத் தொடுவாள். கையைத் தட்டிவிடுவேன். அவளுக்கு இரண்டு வயதாகவில்லை. என்ன பார்த்தாளோ தெரியாது.

ஆனியில் வாத்தியார் கதைத்தார். வவுனியாவில் முட்கம்பி போட்ட முகாமில் இருந்து, ஒளித்து வைத்த ஒரு மொபைலில். அவருடைய ஒரு சகோதரர் மொன்றியலுக்குப் பக்கத்தில், டொலார்-டெ-ஓர்மோவில் இருக்கிறார். அவர் வழியாக என் இலக்கம் கிடைத்தது. வாத்தியார் குடும்பம் முழுவதும் அன்றிரவு களப்பைக் கடந்துவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. கைப்பையில் இருந்த சீனி மட்டும் கரைந்துபோனது என்றார். டிலானி தங்களோடு இருக்கிறாள் என்றார். மச்சாள் இல்லை என்றார். பிறகு அவளிடம் கொடுத்தார்.

"மாமி."

"சொல்லம்மா."

"அம்மா பாஸை எடுத்திட்டா மாமி."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காலையில் இரண்டு பேரும் செயலகத்துத் தறப்பாளுக்குப் போனார்கள். குணம் அண்ணை பாஸை வைத்திருந்தார். பொறுப்பாளரின் கையொப்பம் இருந்தது. சீல் இல்லை. சீல் வேறொரு பங்கரில் இருந்தது. எடுத்துவர ஆள் போயிருந்தது. 'சீல் இல்லாட்டிச் சாவடியில செல்லாது அக்கா, கொஞ்சம் பொறுங்கோ' என்று குணம் அண்ணை சொன்னார். மச்சாள் பொறுத்தார். தறப்பாளுக்கு வெளியே வரிசை. வேறும் மூன்று பேர் நின்றார்கள். சீல் வந்தது. குணம் அண்ணை குத்தினார். அதை ஊதிக் காயவைத்தார். மச்சாள் பாஸை சொப்பிங் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்தார். தென்னையடியில் ஒளிந்திருந்த டிலானியைப் பார்த்துக் கை காட்டினார். வா என்று.

குத்தும் சத்தம் கேட்கவில்லையாம். விழுந்த சத்தம்தான் கேட்டதாம்.

பாஸை டிலானி எடுத்தாள். தாயின் சட்டைக்குள் கை விட்டு எடுத்தாள். பை கிழியவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் அதை வைத்துக்கொண்டு, தெரியாத சனத்தோடு பங்கர் பங்கராக இருந்தாள். ஒரு நாள் சனம் எல்லாம் ஒன்றாகத் தண்ணீருக்குள் இறங்கியது. அவளும் இறங்கினாள். பக்கத்தில் வந்த ஒரு பெண் பாஸைக் கண்டு பயந்தார். 'எறி! எறி! ஆமி கண்டா உன்னை இயக்கம் எண்டு பிடிப்பான்!' எறிந்தாள்.

"ஒருத்தரும் பாஸ் கேக்கேல்லை மாமி" என்றாள். "எங்கட ஆக்களும் கேக்கேல்லை. அவங்களும் கேக்கேல்லை."

அன்றிரவே போகச் சொல்லியிருந்தால்? வாத்தியாரிடம் கேட்டேன். தங்களுக்கு முன்னால் இறங்கியவர்களில் சிலர் சுடப்பட்டார்கள் என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையா, தெரியவில்லை. அப்படியென்றால் நான் சொன்னது சரி என்று கணவர் சொல்கிறார். ஷெல் அடித்தது நீயல்ல என்கிறார். அது உண்மை. பாஸ் என்ற ஒன்றை வைத்தது நீயல்ல என்கிறார். அது பாதிதான் உண்மை. நான் மச்சாளுக்குச் சொன்ன வழி உயிருக்குத் தப்பும் வழி இல்லை. எனக்குத் தெரிந்த வழி. அந்தக் கையொப்பத்தை உலகத்தில் யாரும் ஒத்துக்கொள்ளாதபோது நான் ஒத்துக்கொண்டேன். மச்சாள் என்னை ஒத்துக்கொண்டார்.

டிலானியை இங்கே எடுக்கலாம் என்று சட்டத்தரணி சொன்னார். தாய் தகப்பன் இல்லாத அண்ணாவின் மகள். வழி இருக்கிறது. பதினெட்டு வயதுவரை எடுக்கலாம். நான் அவளுக்குப் பொறுப்பு என்று இங்கத்தைய அரசாங்கத்துக்குக் கையொப்பம் வைக்கவேண்டும். அவ்வளவுதான். எனக்குச் சந்தோசம். பக்கத்து ஊரான கர்க்லாண்டில் இருக்கும் கணவரின் தமக்கை ஒரு கட்டில் தருவதாகச் சொன்னார். மகளின் அறையில் அதைப் போட இடம் ஒதுக்கினேன். ஐப்பசியில் டிலானிக்குச் சொன்னேன்.

"அந்தப் பேப்பர் என்னத்துக்கு?" என்று கேட்டாள்.

"நான் உனக்குப் பொறுப்பெண்டு."

"பிணையோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஒரு மாதிரி அப்பிடித்தான்" என்றேன்.



"எனக்காக ஒருத்தரும் கையெழுத்து வைக்க வேண்டாம்" என்றாள். "நான் வாத்தியார் ஆக்களோட நிக்கிறன். நீங்கள் இனி ஃபோன் எடுக்க வேண்டாம்."

அதற்குப் பிறகும் எடுக்கிறேன். சனிக்கிழமைகளில். வாத்தியாரின் மனைவி கதைப்பார். 'பிள்ளை குளிக்குது' என்பார். 'பிள்ளை படிக்குது' என்பார்.

இழந்தவர்களையும் இழந்தவற்றையும் கடைசியில் எழுதச் சொன்னார்கள்.

ஜெசிந்தா. முப்பத்தெட்டு வயது. பங்குனி மாதத்துத் திங்கட்கிழமை காலை. அந்தத் தென்னைகளுக்குள்ளேயே குழி வெட்டித் தாட்டார்கள். சிலுவை வைக்க நேரம் இருக்கவில்லை.

குணம் அண்ணை. அதே ஷெல். முழுப்பெயர் எனக்குத் தெரியாது. மூன்று வருடம் அடுத்தடுத்த மேசையில் இருந்தோம்.

வரிசையில் நின்ற மூன்று பேர். ஒருவர் வயோதிபர். மற்ற இருவரும் தாயும் மகனுமாக இருக்கலாம் என்று டிலானி சொன்னாள். பெயர் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் சொல்லுங்கள்.

பொறுப்பாளர். வைகாசியில் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. உயிர் இழப்பில் எழுதவா, காணாமல் போனவரில் எழுதவா என்று தெரியவில்லை. அவர் வீட்டாருக்கும் தெரியாது.

ஒரு செயலகம். கட்டடம், கோப்புகள், தட்டச்சு மெஷின். அங்கே நான் நல்லவளாக இருந்தேன் என்ற நினைப்பு.

ஏழு ஆடுகள். கோழிகள் எத்தனை என்று மச்சாளுக்குத்தான் தெரியும்.

டிலானியின் இடது காது. அதில் இனிக் கேட்காது.

டிலானி உயிரோடு இருக்கிறாள். அவளை இதில் எழுதவில்லை. இப்போது அவள் என்னை மாமி என்று கூப்பிடுவதில்லை. அதை எழுதுகிறேன்.